பீச் மரத்துக்குப் போன தண்ணீர்

ஜூலை 3, செவ்வாய்

அப்பா இன்று என் அறையின் மூலையில் குழி தோண்டி முடித்தார். இரண்டடி அகலம், மூன்றடி ஆழம். ‘என் அறை’ என்று எழுதும்போதே கை தயங்குகிறது. இன்னும் முழுதாக என்னுடையது ஆகவில்லை.

தரைக்கு அடியில், கீழ்த்தளத்தில் இருக்கும் இந்த அறை மூன்று வருஷமாகக் காலி. எங்கள் பாலைவன ஊரான மேசாவில் பத்து மாதம் வானத்திலிருந்து தூசி தவிர எதுவும் விழாது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் விழுவதெல்லாம் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் வந்து சேரும். மண்ணுக்கு அடியில் கலீச்சி என்ற வெள்ளைப் பாறை இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது. ஆக, நாங்கள் ஒரு கிண்ணத்துக்குள் வீடு கட்டிக் குடியிருக்கிறோம்.

அந்தக் குழியில் பம்ப் வைத்தால் ஊறும் தண்ணீரை அதுவே வெளியே தள்ளிவிடும் என்று அப்பா சொன்னார். அம்மா நம்பவில்லை. ஆனாலும் பச்சைக் கம்பளத்தை விரிக்க விட்டார், ஒரு நிபந்தனையோடு.

“செப்டம்பர் முதல் திங்கள் வரைக்கும் இந்தக் கம்பளத்துல குழித் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. பட்டுச்சுன்னா நீ மேல வந்து டெனீஸோட படுத்துக்கணும். அப்புறம் காலேஜ் போற வரைக்கும் தனி ரூம் பேச்சே எடுக்கக்கூடாது.”

டெனீஸ் என் தங்கை. எட்டு வயது. கட்டிலுக்கு அடியில் நான்கு செருப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கொம்புத் தேரை. (பெயர்தான் தேரை. உண்மையில் ஓணான் இனம். கலைக்களஞ்சியத்தில் பார்த்துச் சொன்னேன். அவளுக்கு அக்கறை இல்லை.) அவற்றுக்கு உயிருள்ள எறும்புதான் உணவு. எல்லா எறும்பும் உணவாவதில்லை. சில என் தலையணைக்கு வருகின்றன.

எனக்குப் பதின்மூன்று வயது. இந்த அறை வேண்டும்.

ஜூலை 6, வெள்ளி

பம்ப் வந்துவிட்டது. கடைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் கிளெட்டஸ் அப்பாவிடம் கேட்டார்: “தண்ணிய எங்க விடப்போறீங்க, ஓரின்?”

“தேவைப்படுற இடத்துல.”

“சுவத்த விட்டு இருபதடி தள்ளி விடணும்.”

“கிளெட்டஸ், நான் இருபத்திரண்டு வருஷமா இந்த ஊருக்கே தண்ணி விடறேன்.”

அது உண்மை. அப்பா மடைக்காரர். வாய்க்காலிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு எப்போது, எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று மடையைத் திறந்து மூடுவது அவர் வேலை. யார் தண்ணீராவது வரப்பு தாண்டி ரோட்டுக்கு ஓடினால் மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுப்பார். எங்கள் சபையின் பிஷப்புக்கே ஒரு முறை கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் பம்போடு வந்த புத்தகத்தை முழுக்கப் படித்தேன். நாலாம் பக்கத்திலும் இருபதடி என்றே இருந்தது. சொன்னேன்.

“அந்தப் புத்தகம் மழை கொட்டுற ஒஹையோவுல அச்சடிச்சது, நெல்டா. அவங்க தண்ணிய தூக்கிப் போடறவங்க. இங்க யாராவது தண்ணிய தூக்கிப் போடுவாங்களா?”

அதனால் குழாய் என் ஜன்னல் வழியாக ஏறி, சுவரிலிருந்து நாலடியில் நிற்கும் பீச் மரத்துக்குப் போகிறது. மரத்தைச் சுற்றி அப்பா வரப்பு கட்டினார். கவராயம் வைத்து வரைந்தாற்போல வட்டம். ஒரு துளி வெளியே போகாது.

ஜூலை 15, ஞாயிறு

நேற்று மாலை மழை பெய்தது. முதலில் புழுதிச் சுவர் ஒன்று எழும்பி வந்தது. பிறகு தண்ணீர். 6.40க்குப் பம்ப் தானாகவே உயிர்பெற்றது. நாங்கள் நான்கு பேரும் குழியைச் சுற்றி நின்று பார்த்தோம். கம்பளம் உலர்ந்தே இருந்தது. அம்மா இரண்டு முறை குனிந்து தடவிப் பார்த்தார்.

இன்று சபை முடிந்ததும் அப்பா ஆறு பேரை அழைத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, ஆனால் வேலை செய்யும் பம்பைப் பார்க்கலாம் என்பது அவர் கட்சி. ஆறு பேரும் என் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் உருளைக்கிழங்குத் தட்டோடு குழியைப் பார்த்தார்கள். பம்ப் ஓடும்போதெல்லாம் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ ஓடுது, சகோதரர் ஹாஸ்?” என்று ஒருவர் அப்பாவைக் கேட்டார்.

“நாலு நிமிஷம் பத்து நொடி” என்றேன் நான்.

ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மூலையில் இன்னொரு பம்ப் இருந்ததுபோல.

கட்டில் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. பரவாயில்லை.

ஜூலை 17, செவ்வாய்

மூன்று நாளாக மேகமே இல்லை. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 19, வியாழன்

நான்கு நாள் குறிப்பெடுத்தேன். ஞாயிறு: நாலு நிமிஷம் பத்து நொடிக்கு ஒரு தடவை. செவ்வாய்: நாலு இருபது. நேற்று: நாலு முப்பது. இன்றும் நாலு முப்பது. மழை நின்று ஐந்து நாள் ஆகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இரவு உணவின்போது கேட்டேன்.

“பூமிக்கு அடியில கெடக்குற தண்ணி” என்றார் அப்பா. “எத்தன வருஷமா சேந்துச்சோ. பாரு, எப்படி உழைக்குதுன்னு.” பம்பைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் டெனீஸ் தேரையைப் பற்றிப் பேசும்போது இருப்பதுபோல இருக்கிறது.

“தீர்ந்துபோகாதா அப்பா?”

“தீந்துபோனா நல்லதுதானே.”

ஆனால் தீரவில்லை. அதுதானே என் கேள்வி?

ஜூலை 20, வெள்ளி

பக்கத்துத் தோட்டக்காரி திருமதி ஓச்சோவா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு, அந்த பீச் மரத்துக்கு நீச்சல் கத்துக்கொடுக்கறீங்களா?”

போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் மஞ்சள். அடிமரம் தண்ணீருக்குள் நிற்கிறது. வரப்புக்குள் ஒரே மட்டம், கூடவுமில்லை, குறையவுமில்லை. குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறது, மட்டம் ஏறவில்லை. அப்படியென்றால் எங்கேயோ போகிறது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. எழுதப் பயமாக இருக்கிறது. நாளைக்குச் சோதனை செய்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூலை 21, சனி

காலை 10.05. அம்மா பஞ்ச காலத்துக்கென்று சேர்த்துவைத்திருக்கும் ஒரு வருஷ உணவிலிருந்து ராஸ்பெர்ரி ஜெல்லிப் பொடி ஆறு பாக்கெட் எடுத்தேன். ஒரு வாளி வெந்நீரில் கரைத்தேன். பீச் மரத்து வரப்புக்குள் ஊற்றினேன். கீழே ஓடிப்போய்க் குழி பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.

10.31. சுவரோரம் வழிந்த தண்ணீரில் லேசான சிவப்பு. கண்ணின் பிரமை என்று நினைத்தேன்.

10.44. பிரமை இல்லை.

பம்ப் ஓடியது. சிவப்புத் தண்ணீர் குழாய் ஏறி, ஜன்னலைத் தாண்டி, மறுபடி பீச் மரத்துக்கே போனது.

அந்த நேரம் பார்த்து டெனீஸ் இறங்கி வந்தாள். குழியைப் பார்த்தாள். போன வாரம்தான் ஞாயிறு வகுப்பில் மோசே ஆற்றுநீரை ரத்தமாக்கிய கதையும் அடுத்தடுத்து வந்த வாதைகளும் பாடமாக நடந்திருந்தன.

“அம்மா, தண்ணி ரத்தமாயிடுச்சு” என்று படியேறிக் கத்தினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “அடுத்தது தவளைங்க. என் தேரைய எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன்.”

அம்மா மாவுக் கையோடு வந்தார். அப்பா கூரையிலிருந்து இறங்கி வந்தார். அப்பா மண்டிபோட்டு, விரலை விட்டு, நாக்கில் வைத்தார்.

“ராஸ்பெர்ரி” என்றார்.

குழி ஓரத்தில் உட்கார்ந்து மூன்று சுற்று பார்த்தார். நான் விளக்கத் தேவையே இல்லை. வாழ்நாளெல்லாம் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தவர்.

“எட்டு நாளா ஒரே தண்ணியா?”

“கொஞ்சம் ஆவியாப் போயிருக்கும், அப்பா” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அது ஆறுதலாக இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“அது பஞ்சத்துக்கு வெச்சது” என்றார் அம்மா, காலிப் பாக்கெட்டுகளைப் பார்த்து.

“பஞ்சத்துல ஜெல்லியா சாப்பிடுவோம்?” என்றாள் டெனீஸ்.

அப்பா குழாயை எடுத்துத் துணி துவைக்கும் தொட்டியில் போட்டார். நாற்பது நிமிஷத்தில் குழி வற்றியது. எட்டு நாள் ஓடிய பம்ப் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை மறந்தே போயிருந்தோம்.

ஜூலை 22, ஞாயிறு

சர்க்கரைத் தண்ணீர் என்பதை நான் யோசிக்கவில்லை. குழியைச் சுற்றி எறும்பு, ஜன்னலில் எறும்பு, அகராதிக்குள் எறும்பு. டெனீஸ் தேரைகளைக் கொண்டுவந்து குழி ஓரத்தில் மேயவிட்டிருக்கிறாள். தனி அறை கேட்டதற்கு இதுதான் பலன்.

ஜூலை 24, செவ்வாய்

முன்னோர் நாள் விருந்து, எங்கள் சபையார் மேற்கே வந்து குடியேறியதன் நினைவாக. பூங்காவில் நீளமான மேசை, அதில் ஏழு விதமான ஜெல்லி. அப்பா சிவப்பு ஜெல்லியைத் தாண்டிப் போனபோது யாரோ, “சகோதரர் ஹாஸ், இது உங்க ஊத்துத் தண்ணிதானே, கொஞ்சம் எடுத்துக்கோங்க” என்றார்கள். மேசை முழுக்கச் சிரித்தது. கிளெட்டஸ் மட்டும் சிரிக்காமல் இருபது என்று விரல்களால் காட்டினார். பத்து விரலை இரண்டு தடவை.

ஊருக்கு யார் சொன்னது? டெனீஸ். வேறு யார்.

அப்பா சிரித்தார். ஆனால் சாப்பிடவில்லை. நான் உண்மையைத்தான் கண்டுபிடித்தேன். இருந்தாலும் முதலில் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 27, வெள்ளி

துவைக்கும் தொட்டி பெரிய மழைக்குத் தாங்காது. குழாயை எங்கே கொண்டுபோவது? அப்பா மூன்று நாளாகக் கயிறும் ரசமட்டமுமாக அலைகிறார். முன்புறப் புல்வெளி வீட்டைப் பார்த்துச் சரிகிறது. பின்புறமும் அப்படித்தான். மேற்கே மேடு. முன்னால் ரோடு. ரோட்டில் விடமுடியாது. அவரே அவருக்கு மஞ்சள் சீட்டு எழுத வேண்டியிருக்கும்.

மிச்சம் கிழக்கு. அந்தப் பக்கம் நிலம் நன்றாகத் தாழ்ந்திருக்கிறது. ஆனால் அது திருமதி ஓச்சோவாவின் பெக்கான் கொட்டை மரத் தோட்டம்.

அப்பா அவருக்கு இரண்டு வருஷத்தில் இரண்டு சீட்டு கொடுத்திருக்கிறார். இரண்டையும் அவர் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம்.

“அவங்ககிட்ட கேளுங்களேன், ஓரின்” என்றார் அம்மா.

“பாப்போம்” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் ‘பாப்போம்’ என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

ஜூலை 31, செவ்வாய்

கிழக்கு மலை மேல் மேகம் குவிகிறது. பகலெல்லாம் நின்றுவிட்டுக் கலைகிறது. எத்தனை நாள் கலையும்?

அப்பாவின் வண்டியிலிருந்து தண்ணீர் கேட்கும் அட்டை ஒன்றை எடுத்தேன். ஊரில் யாருக்குத் தண்ணீர் வேண்டுமானாலும் அதை நிரப்பித் தரவேண்டும். நல்ல கையெழுத்தில் நிரப்பினேன்.

பெறுபவர்: திருமதி சோகோரோ ஓச்சோவா. கொடுப்பவர்: ஓரின் ஹாஸ். நேரம்: மழை பெய்யும்போதெல்லாம். கால அளவு: குழி வற்றும்வரை.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா ரொம்ப நேரம் படித்தார்.

“‘கால அளவு’ கட்டத்துல மணி நேரம்தான் போடணும்” என்றார்.

கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, புதன்

போனோம். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திருமதி ஓச்சோவா கண்ணாடி போட்டு அட்டையை இரண்டு தடவை படித்தார்.

“போன வருஷம் என் தண்ணி ரோட்டுல ஒரு முழம் போச்சு. சீட்டு கொடுத்தீங்க.”

“ஆமா.”

“முந்தின வருஷமும்.”

“அது ரெண்டு முழம்” என்றார் அப்பா. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நான் அவர் காலை மிதித்தேன்.

“இப்ப உங்க தண்ணி என் தோட்டத்துக்கு வரணும். அது நல்ல தண்ணியா, மடைக்காரரே?”

“எட்டு நாள் வடிகட்டினது, ஓச்சோவாம்மா” என்றேன்.

அவர் முகம் அப்படியே இருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார்.

“சரி, தண்ணிய விடுங்க. ஆனா ஒண்ணு. என் வரப்ப நீங்க தொடக்கூடாது. இப்படிக் கட்டு, அப்படி வெட்டுன்னு உங்க பாடத்த கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு.”

“தொடல. ஆனா அந்த ரோட்டோர மூலையில ஒரு எலி வளை—”

“தெரியும். அது என் எலி.”

குழாய் வேலியைத் தாண்டியது. வீட்டுச் சுவரிலிருந்து அறுபத்தெட்டு அடி. நானே அளந்தேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

நேற்று மாலை பெரிய மழை. இந்த வருஷத்திலேயே பெரியது. பம்ப் இரவு முழுக்க ஓடியது. காலையில் கம்பளம் உலர்ந்து கிடந்தது. இதை எழுதி மூடிவைத்துவிட்டுச் சபைக்குக் கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன்.

எட்டரை மணி. அப்பா ஏழுக்கே கூட்டத்துக்குப் போய்விட்டார். வெயில் வந்து ரோடு முழுக்கக் காய்ந்துவிட்டது. அந்தக் காய்ந்த ரோட்டின் நடுவில் ஒரே ஒரு ஓடை பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. எலி வளை இருந்த இடத்தில் ஓச்சோவாம்மாவின் வரப்பு உடைந்துவிட்டது. எங்கள் தண்ணீர்.

சபைக்குப் போகிற கார் ஒவ்வொன்றும் அதன் முன் வேகத்தைக் குறைத்து, பார்த்து, பிறகு தாண்டிப் போனது. பிஷப்பின் காரும்.

திருமதி ஓச்சோவா கத்தோலிக்கப் பூசைக்குப் போட்டுப்போன கறுப்புச் செருப்போடு மண்வெட்டியைத் தூக்கி ஓடிவந்தார். “தண்ணி வந்துகிட்டே இருந்தா அடைக்க முடியாது. பம்ப நிறுத்து, கண்ணு.”

நிறுத்தினால் குழி நிரம்பும். நிரம்பினால் கம்பளம். நிறுத்தாவிட்டால் ஊரே பார்க்க அப்பாவின் தண்ணீர் ரோட்டில்.

நான் உடனே ஓடவில்லை. இதை எழுதித்தான் ஆகவேண்டும். நின்றேன். ஐந்து நொடி இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். இன்னும் இருபத்திரண்டு நாள்தானே பாக்கி என்று நினைத்தேன். பிறகுதான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன். விளிம்புக்கு எட்டு விரல். ஆறு விரல். படியில் தடதடவென்று சத்தம். அம்மா, சபை உடுப்போடு, ஊறுகாய் பாட்டில்களைக் கொதிக்கவைக்கும் பெரிய பாத்திரத்தோடு. மொண்டு மேலே கொண்டுபோய்க் குளியல் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி வந்தார்.

“அம்மா, நீங்க எதுக்கு... நிபந்தனையே உங்களோடதுதானே?”

“பேசாம மொள்ளு.”

டெனீஸ் ஜன்னலில் நின்று செய்தி சொன்னாள். “ஓச்சோவாம்மா மண்ணு போடறாங்க. மண்ணு கரையுது. இப்ப ஒரு பழைய கோணிய திணிக்கறாங்க. இப்ப என்னென்னவோ திட்டறாங்க.”

விளிம்புக்கு மூணு விரல். இரண்டு.

“பம்ப போடு” என்று வெளியிலிருந்து ஓச்சோவாம்மாவின் குரல். போட்டேன். பம்ப் ஒரு தடவை உறுமி, தண்ணீரைக் குடித்தது.

கம்பளத்தில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு வராது, அதனால் வாயைத் திறந்தேன்.

“அது நான் பாத்திரத்துலேருந்து சிந்தினது” என்றார் அம்மா, நனைந்த பாவாடையைப் பிழிந்தபடி. “குழி நிரம்பி வந்தாத்தான் கணக்கு.”

சபைக்கு நாற்பது நிமிஷம் தாமதம். மூவரும் கடைசி வரிசை. அம்மாவின் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது.

ஆகஸ்ட் 13, திங்கள்

அப்பா நேற்று வீட்டுக்கு வந்ததும் ரோட்டில் காய்ந்த வண்டல் கோட்டை நடந்து அளந்தார். பதினோரு முழம். பிறகு மேசையில் உட்கார்ந்து மஞ்சள் சீட்டை எடுத்தார். பெயர்: ஓரின் ஹாஸ். காரணம்: அலட்சியம்.

அதை இன்று வேலைக்குப் போகும் வழியில் திருமதி ஓச்சோவாவிடம் காட்டினார், நிலம் அவருடையது என்பதால் அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

அவர் படித்தார். “‘அலட்சியம்’ இல்ல. ‘எலி’ன்னு போடுங்க.”

“அந்தக் காரணம் பட்டியல்ல இல்ல.”

“அப்ப சேத்துக்கோங்க.”

கடைசியில் அப்பா அலட்சியத்தை அடித்துவிட்டு எலி என்று எழுதினார். சீட்டில் அவர் அடித்துத் திருத்தியது இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் முறை. சாயங்காலம் இருவரும் அந்த மூலையில் மண்வெட்டியோடு நின்றார்கள். அப்பா ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். திருமதி ஓச்சோவா, “வாய மூடிட்டு வெட்டுங்க” என்றது இங்கே வரை கேட்டது.

ஆகஸ்ட் 27, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. அறிவியல் ஆசிரியர் கோடையில் என்ன கவனித்தீர்கள் என்று எழுதச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினேன். பிறகு அப்பாவின் பெயர் வந்த இடத்திலெல்லாம் ‘ஒரு வீட்டுக்காரர்’ என்று மாற்றினேன்.

செப்டம்பர் 3, திங்கள்

அம்மா இறங்கி வந்தார். கம்பளத்தை நான்கு மூலையிலும் தடவினார். மேலே போய் என் குளிர்காலத் துணிகளைக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினார்.

செப்டம்பர் 11, செவ்வாய்

இன்று மழை பெய்ததாம். சாப்பிட மேலே போனபோது அம்மாவின் தலை நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். நாலு மணியிலிருந்து பெய்ததாம், பெரிய மழையாம். பம்ப் பதினேழு தடவை ஓடியது என்று திருமதி ஓச்சோவா குழாயைப் பார்த்து எண்ணி, வேலிக்கு மேலாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் அதே அறையில், குழிக்கு மூன்றடி தள்ளி, கலைக்களஞ்சியத்தின் அடுத்த தொகுதியில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்; ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. நூற்றிருபதாம் பக்கம் வரை வந்திருக்கிறேன்.